டெல்லிக்கு 27, கோட்டைக்கு 26: தமிழ்நாடு காங்கிரசின் தேர்தல் கணக்கு

1989ஆம் ஆண்டில் தமிழ்நாடு இரண்டு முறை வாக்களித்தது. ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல். காங்கிரஸ் பெரிய கட்சி எதையும் துணைக்குச் சேர்க்காமல் 200க்கு மேற்பட்ட தொகுதிகளில் நின்று 26 இடங்களைப் பெற்றது. நவம்பரில் மக்களவைத் தேர்தல், அ.தி.மு.க.வோடு சேர்ந்து 28 தொகுதிகளில் நின்று 27இல் வென்றது. இடைவெளி பத்து மாதம். கட்சி அதே கட்சி, கொடியும் கை சின்னமும் அவையேதான். ஒன்றில் மாநிலத்தின் மூன்றாவது சக்தி, மற்றொன்றில் மாநிலத்தையே வாரிக்கொண்டு போன கட்சி.

தமிழ்நாடு காங்கிரசைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1967உடன் கதையை முடித்துவிடுவார்கள். இந்தி எதிர்ப்பு, அரிசிப் பஞ்சம், அண்ணா, தோல்வி, அவ்வளவுதான். எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. 1967இல் காங்கிரஸ் ஆட்சியைத்தான் இழந்தது. வாக்காளர்களை இழந்தது அதற்குப் பின்னால், அதுவும் பாதிக்கு மேல் தன் கையாலேயே.

ஆட்சியில் இருந்த காலம்

1952இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பெரும்பான்மை இல்லை. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களோடு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து, முதலமைச்சராக்கி, சிறு கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்துத்தான் ஆட்சி அமைந்தது. வட தமிழகத்தில் வன்னியர் ஆதரவோடு வென்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார். 1954இல் காமராஜர் முதல்வரானபோது உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியாரும் அமைச்சரவைக்குள் வந்தார். எதிர்த்து நின்றவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும் வித்தை அன்றைய காங்கிரசுக்குத் தெரிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அரை நாள் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும் என்ற ராஜாஜியின் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பெரியாரும் காமராஜரை ஆதரித்தார்.

1957இல் 205க்கு 151. 1962இல் 206க்கு 139, வாக்கு 46 சதவீதம். காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். ஆனால் தி.மு.க. 50 இடங்களோடு உள்ளே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு காந்தி பிறந்த நாளில் காமராஜர் பதவி விலகி அகில இந்தியப் பணிக்குப் போக, பக்தவத்சலம் முதல்வரானார். மாநிலத்தின் மிகச் சிறந்த கட்சி நிர்வாகியை டெல்லி எடுத்துக்கொண்டது என்றும் இதைப் படிக்கலாம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கோட்டையில் காமராஜர் இருந்திருந்தால் என்ற கேள்விக்கு யாரும் விடை சொல்ல முடியாது.

1967 சொல்வதும் சொல்லாததும்

அந்தத் தேர்தலில் தி.மு.க. 137 இடங்கள், காங்கிரஸ் 51. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றார். ஸ்ரீபெரும்புதூரில் முதல்வர் பக்தவத்சலம் தோற்றார். 39 மக்களவைத் தொகுதிகளில் காங்கிரசுக்கு மிஞ்சியவை மூன்று.

வாக்கு சதவீதம் வேறு மாதிரி இருக்கிறது: காங்கிரஸ் 41.1, தி.மு.க. 40.7. காங்கிரஸ் ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் நின்றது, தி.மு.க. 174இல் மட்டும் நின்றது. ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் 1962ஐவிட ஐந்து புள்ளிகள் மட்டுமே குறைந்த ஒரு கட்சி 139இலிருந்து 51க்கு விழுந்ததற்குக் காரணம் வாக்காளர் கைவிட்டது மட்டும் அல்ல. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்டுகள், முஸ்லிம் லீக் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாதவர்களையெல்லாம் அண்ணா ஒரே அணியில் நிறுத்தினார். அதுவரை சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்கு ஒன்றாக விழுந்தது. பத்துப் பேரில் நான்கு பேர் அன்றும் காங்கிரசுக்குத்தான் வாக்களித்தார்கள். அடுத்த தேர்தலில் மீள்வதற்கு அது போதுமான மூலதனம்.

டெல்லி செய்த பேரம்

1969இல் கட்சி பிளந்தது. தமிழ்நாட்டில் அமைப்பின் பெரும்பகுதி காமராஜரோடு ஸ்தாபன காங்கிரசில் நின்றது. இந்திரா காந்திக்கு இங்கே தலைவர்கள் சிலர் இருந்தார்கள், அமைப்பு இல்லை. ஆனால் மக்களவையில் அவருக்கு எண்ணிக்கை தேவைப்பட்டது, தி.மு.க. அதைக் கொடுத்தது.

1971 தேர்தலில் போடப்பட்ட ஒப்பந்தம் என் பார்வையில் இந்தக் கட்சியின் வரலாற்றில் 1967ஐவிட முக்கியமானது. தி.மு.க. கூட்டணியில் இந்திரா காங்கிரஸ் மக்களவைக்கு மட்டும் போட்டியிட்டு ஒன்பது இடங்களை வென்றது. சட்டமன்றத்துக்கு ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை மாநிலத்தை ஆண்ட பெயரில் நின்ற ஒரு கட்சி, கோட்டை தனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. மாநிலம் உனக்கு, டெல்லி எனக்கு என்ற பங்கீடு அன்று தொடங்கியது.

மறுபக்கத்தில் ஸ்தாபன காங்கிரஸ் சட்டமன்றத்தில் 15 இடங்களோடு சுருண்டது. மக்களவையில் நாகர்கோவிலில் காமராஜர் மட்டும் வென்றார். ஆனால் அதன் வாக்கு 35 சதவீதம்! தி.மு.க. 184 இடங்களை அள்ளிய அதே தேர்தலில்தான் இந்த 35. கட்சி உடைந்து, டெல்லி எதிராகி, சின்னம் பறிபோய், இந்திரா அலை வீசியும் மூன்றில் ஒருவர் காமராஜர் பக்கம் நின்றார்.

1973 மே மாதம் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழே மாதம். அ.தி.மு.க. முதலிடம், ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாமிடம், ஆளும் தி.மு.க. மூன்றாமிடம், இந்திரா காங்கிரஸ் வெகு தூரத்தில். தி.மு.க. மீது கோபம் கொண்டவர்கள் போய்ச் சேர ஒரு புது வீடு கட்டப்பட்டுவிட்டது என்பதை அந்த முடிவு காட்டியது. 1975 அக்டோபர் 2இல் காமராஜர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜி.கே. மூப்பனார் தலைமையில் ஸ்தாபன காங்கிரசின் ஒரு பகுதி இந்திரா காங்கிரசோடு இணைந்தது. இணையாதவர்கள் பின்னர் ஜனதாவில் கலந்தார்கள்.

இப்போது 1977 சட்டமன்றத் தேர்தலின் எண்களைப் பாருங்கள். காங்கிரஸ் 17.5 சதவீதம், ஜனதா 16.7. இரண்டையும் கூட்டினால் 34.2. 1971இல் காமராஜர் பெற்றது 35. ஒவ்வொரு வாக்காளரும் அப்படியே நின்றார் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் தமிழ்நாட்டு ஜனதாவின் உடல் பெரும்பாலும் பழைய காங்கிரஸ்தான் என்பதால் இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. அ.தி.மு.க. அந்தத் தேர்தலில் 30.4 சதவீதம் வாங்கி 130 இடங்களோடு ஆட்சியைப் பிடித்தது. அதைவிடப் பெரிய வாக்குத் தொகுதி இரண்டு துண்டுகளாகக் கிடந்து, ஒன்று 27 இடங்களையும் மற்றது 10 இடங்களையும் பெற்றது. அதே ஆண்டு மார்ச்சில் அ.தி.மு.க. கூட்டணியில் மக்களவைக்கு நின்ற காங்கிரஸ் 14 இடங்களை வென்றிருந்தது என்பதையும் இதன் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பாதிக்குப் பாதி

ஒரே ஒரு முறை காங்கிரஸ் தன் மக்களவை பலத்தைச் சட்டமன்றத்தில் மாற்றிக்கொள்ள முயன்றது. 1980 ஜனவரியில் தி.மு.க.வோடு சேர்ந்து 22 தொகுதிகளில் நின்று 20ஐ வென்றது. கூட்டணி 39க்கு 37. எம்.ஜி.ஆருக்கு மிஞ்சியவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும். அடுத்த மாதமே அவருடைய அரசு கலைக்கப்பட்டது. மே மாதத் தேர்தலுக்குக் காங்கிரஸ் சம பங்கு கேட்டது, பெற்றது. இரு கட்சிகளும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன.

முடிவு அ.தி.மு.க. 129, தி.மு.க. 37, காங்கிரஸ் 31. நான்கு மாதத்துக்கு முன் இரண்டே இடங்களை வென்றிருந்தவர் தனிப் பெரும்பான்மையோடு திரும்பி வந்தார். கலைப்பின் மீதான கோபமும் எம்.ஜி.ஆர். மீதான அனுதாபமும் உண்டுதான். ஆனால் ஆட்சி யாருடையது என்று கேட்டால் பாதிப் பாதி என்று பதில் சொல்லும் ஒரு கூட்டணியை நம்பி வாக்களிப்பது யாருக்கும் எளிதல்ல. காங்கிரஸ் தொண்டன் உதயசூரியனுக்கும் தி.மு.க. தொண்டன் கைக்கும் வேலை செய்யவேண்டிய தர்மசங்கடம் வேறு.

இதிலிருந்து டெல்லி கற்ற பாடம், தமிழ்நாட்டில் அமைப்பைக் கட்டவேண்டும் என்பது அல்ல. கோட்டையைக் கேட்காதே என்பதுதான். 1984இல் அது ஒரு சூத்திரமாகவே ஆனது: மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரசுக்கு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அ.தி.மு.க.வுக்கு. இந்திரா கொலையுண்டிருந்தார், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தார். காங்கிரசுக்கு மக்களவையில் 25, சட்டமன்றத்தில் 61. அறுபத்தொரு உறுப்பினர்களும் ஆளும் கட்சியின் தோழமைக் கட்சியாகப் பேரவையில் அமர்ந்திருந்தார்கள். அமைச்சர் பதவி ஒருவருக்கும் இல்லை.

மூப்பனாரின் இரண்டு தேர்தல்கள்

எம்.ஜி.ஆர். மறைந்தபின் அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1967க்குப் பிறகு காங்கிரசுக்கு இப்படி ஒரு வாசல் திறந்ததில்லை. மூப்பனாரை முன்னிறுத்தித் தனியாக நிற்பது என்று ராஜீவ் காந்தி முடிவெடுத்தார். அவரே பலமுறை வந்து ஊர் ஊராகச் சுற்றினார். கூட்டணியை விரும்பிய சிவாஜி கணேசன் கட்சியை விட்டே போனார். கிடைத்தது ஏறக்குறைய 20 சதவீதம், 26 இடங்கள். ஜெயலலிதா அணிக்கு 21 சதவீதம், 27 இடங்கள். தி.மு.க. 150 இடங்களோடு ஆட்சிக்கு வந்தது.

இதைத் தோல்வி என்றே அன்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளாகச் சட்டமன்றத்தைக் குத்தகைக்கு விட்ட ஒரு கட்சி, தனியாக நின்று ஐந்தில் ஒரு பங்கு வாக்கை வாங்குவது நல்ல தொடக்கம். ஐந்து ஆண்டு பொறுத்து அதே பாதையில் இன்னொரு தேர்தலைச் சந்தித்திருந்தால் மாநிலத்தில் மும்முனைப் போட்டி நிலைத்திருக்கலாம். ஆனால் நவம்பரில் ராஜீவுக்கு எம்.பி.க்கள் தேவை. ஒன்றுபட்ட அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்து 27 பேரை அனுப்பிவைத்தது தமிழ்நாடு. நாடு முழுவதும் சரிந்த அந்த ஆண்டில் டெல்லியின் கோணத்தில் அது முற்றிலும் சரியான முடிவுதான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முடிவும் அந்தந்தத் தேர்தலுக்குச் சரியாகவே இருந்தது.

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அடுத்து நடந்த வாக்குப்பதிவில் காங்கிரஸ் நின்ற 28 மக்களவைத் தொகுதிகளிலும் வென்றது. சட்டமன்றத்தில் 65க்கு 60. ஆட்சி ஜெயலலிதாவுடையது. இந்தத் தடவையும் காங்கிரஸ் அமைச்சரவைக்கு வெளியேதான் நின்றது.

1996இல் அந்த ஆட்சியின் மீது மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தபோது நரசிம்ம ராவ் மீண்டும் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று அறிவித்தார். கட்சியின் தொண்டர் வேண்டாம் என்றார், மாவட்டத் தலைவர் வேண்டாம் என்றார், மூப்பனார் வேண்டாம் என்றார். கேட்கப்படவில்லை. தமிழ் மாநில காங்கிரஸ் பிறந்தது. ப. சிதம்பரம் உட்பட மாநிலக் கட்சியில் எடை உள்ளவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனார்கள். தி.மு.க. கூட்டணியில் சைக்கிள் சின்னத்தில் நின்ற த.மா.கா. 39 சட்டமன்ற இடங்களையும் 20 மக்களவை இடங்களையும் வென்றது. அகில இந்தியக் காங்கிரசின் அதிகாரபூர்வக் கிளைக்கு இரண்டு அவைகளிலும் பூஜ்யம்.

மூப்பனார் செய்தது நியாயமான கலகம் என்றே பலரும் கருதினார்கள், நானும்தான். ஆனால் த.மா.கா.வும் அதே நோயோடு பிறந்த குழந்தை. 1999இல் திராவிடக் கட்சிகள் இரண்டையும் விட்டுவிட்டு விடுதலைச் சிறுத்தைகளோடு நின்றபோது ஓர் இடமும் கிடைக்கவில்லை. சிவகங்கையில் சிதம்பரமே காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். 2001இல் எந்தக் கூட்டணியை எதிர்த்துக் கட்சி தொடங்கினாரோ அதே ஜெயலலிதா அணிக்கு மூப்பனார் போய்ச் சேர்ந்தார். தாய்க் காங்கிரசும் அங்கேயே இருந்தது. த.மா.கா. 23, காங்கிரஸ் 7. அந்த ஆகஸ்டில் மூப்பனார் காலமானார். மறு ஆண்டு அவருடைய மகன் ஜி.கே. வாசன் கட்சியைத் தாய்க் கட்சியில் இணைத்தார். 2014இல் திரும்பவும் பிரித்தார்.

வெற்றி யாருடையது

2004இல் காங்கிரஸ் மறுபடியும் தி.மு.க.வோடு சேர்ந்தது. அதற்குப் பிறகான எண்களில் பெரிய மர்மம் இல்லை. நின்ற இடங்களில் வென்றவை இவை; 2004, 2009, 2019, 2024 மக்களவை, மற்றவை சட்டமன்றம். 2004: 10க்கு 10. 2006: 48க்கு 34. 2009: 15க்கு 8, ஈழப் போரின் இறுதி நாட்களில் நடந்த அந்தத் தேர்தலில் மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யரும் சேலத்தில் மாநிலத் தலைவர் தங்கபாலுவும் ஈரோட்டில் ஈ.வி.கே.எஸ். இளங்கோவனும் தோற்றார்கள். 2011: 63க்கு 5. 2016: 41க்கு 8. 2019: 9க்கு 8. 2021: 25க்கு 18. 2024: 9க்கு 9.

தி.மு.க. எழுந்தால் எழுகிறது, விழுந்தால் தி.மு.க.வைவிட வேகமாக விழுகிறது. 2011இல் 63 தொகுதிகளுக்காகக் காங்கிரஸ் இழுத்த இழுப்பில் தி.மு.க. தன் மத்திய அமைச்சர்களை விலக்குவதாக அறிவிக்கும்வரை போனது. வாங்கிய 63இல் ஐந்து மட்டும் தேறின. 2016இல் 41 தொகுதிகள் கொடுத்ததுதான் ஆட்சியை நழுவவிட்டது என்று தி.மு.க.வினர் நெடுநாள் குறைபட்டார்கள். இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஒரு சதவீதம் அளவே இருந்த தேர்தல் என்பதால் அந்தக் குறையை ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் 2021இல் 25. அதை ஏற்கும்போது மாநிலத் தலைவர் கே.எஸ். அழகிரி கட்சிக் கூட்டத்தில் கண்கலங்கியது செய்தியானது. கடைசியில் அந்த 25தான் 72 சதவீத வெற்றியைக் கொடுத்தது. கட்சி சிறிதாகச் சிறிதாக வெற்றி விகிதம் கூடுகிறது.

2006ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான். காங்கிரசின் 34 பேர் இல்லாமல் கருணாநிதி ஆள முடியாது. ஆட்சியில் பங்கு கேட்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மாநிலக் காங்கிரசின் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனில் அந்தப் பேச்சு ஐந்தாண்டும் ஓய்வில்லாமல் ஓடியது. மத்தியில் மன்மோகன் சிங் அரசுக்குத் தி.மு.க.வின் எம்.பி.க்கள் தேவை என்பதால் வெளியிலிருந்து ஆதரவு என்ற நிலை மாறவே இல்லை. 1971இன் பேரம் முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது.

தனியாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2014 சாட்சி. ஈழப் பிரச்சினையை முன்வைத்து தி.மு.க. முந்தைய ஆண்டு விலகிவிட்டது. 39 தொகுதிகளிலும் நின்ற காங்கிரசுக்கு 4.3 சதவீதம், கன்னியாகுமரி தவிர எல்லா இடங்களிலும் டெபாசிட் போனது. 1989இன் 20 சதவீதத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இடையில் நடந்தது 1996. தலைவர்கள் திரும்பி வந்தார்கள், வாக்காளர்கள் வரவில்லை.

கோஷ்டிப் பூசலைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்வார்கள். சத்தியமூர்த்தி பவனில் வேட்டி கிழிந்த கதைகளுக்கு அளவில்லை. அவை பத்திரிகைகளுக்கும் நல்ல தீனி. ஆனால் பூசலை நோயின் அறிகுறி என்றுதான் நான் வைப்பேன். மாநிலத் தலைவரை டெல்லி நியமிக்கிறது. எத்தனை இடங்கள் என்பதைக் கூட்டணித் தலைமை முடிவு செய்கிறது, எந்த வேட்பாளர் என்பதை மீண்டும் டெல்லி. வெற்றியைக் கூட்டணியின் வாக்கு தருகிறது. இந்த ஏற்பாட்டில் ஊராட்சி ஒன்றியத்தில் கிளை கட்டும் உழைப்புக்குப் பலன் எதுவும் இல்லை. டெல்லியில் ஒரு கதவைத் தெரிந்து வைத்திருப்பதற்குப் பலன் உண்டு. எல்லாரும் அதையே செய்தார்கள்.

விதிவிலக்கான மாவட்டம்

கன்னியாகுமரி இந்த விதிக்குள் அடங்கவில்லை. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. அங்கே காங்கிரஸ் வேர் விட்டது நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வழியாக. தமிழகத்தோடு இணைவதற்கான போராட்டமே அதன் முகவரி. 1967இல் விருதுநகர் கைவிட்ட காமராஜரை 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில்தான் மக்களவைக்கு அனுப்பியது. 2011இல் மாநிலம் முழுவதும் தேறிய ஐந்தில் விளவங்கோடு, கிள்ளியூர், குளச்சல் என்று மூன்று இந்த மாவட்டத்தில். 2014இல் எச். வசந்தகுமார் இரண்டாமிடம் பிடித்தார், 2019இல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தில் பொன். இராதாகிருஷ்ணனை வென்றார்.

எதிரே நிற்பது பா.ஜ.க. என்பதுதான் இங்கே வேறுபாடு. திராவிடக் கட்சிகள் இரண்டும் தெற்குக் கோடியில் ஒருபோதும் முழுப் பிடி பெறவில்லை. போட்டி தேசியக் கட்சிகளுக்குள் நடக்கிற இடத்தில் காங்கிரசுக்குக் கேரளத்தில் இருப்பதுபோல் சொந்த வாக்கு இருக்கிறது. பா.ஜ.க.வுக்கும் அப்படியே. விளவங்கோட்டில் மூன்று முறை வென்ற விஜயதரணி 2024இல் பா.ஜ.க.வுக்குப் போனபோது, அந்த இடைத்தேர்தலிலும் காங்கிரஸ் வேட்பாளர் தாரகை கத்பர்ட் வென்றார்.

ஈரோடு கிழக்கின் கதை நேர் எதிர். 2021இல் காங்கிரஸ் வென்ற தொகுதி. உறுப்பினர் திருமகன் ஈவேரா 2023 ஜனவரியில் மறைய, அவருடைய தந்தை இளங்கோவன் இடைத்தேர்தலில் 66,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார், தி.மு.க. அமைச்சர்கள் தொகுதியிலேயே முகாமிட்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் இளங்கோவனும் மறைந்தார். 2025 பிப்ரவரியில் மறுபடியும் இடைத்தேர்தல். இம்முறை தி.மு.க. தானே நின்றது, தானே வென்றது. மாநிலக் காங்கிரஸ் ஆதரவு தெரிவித்தது.